நிமிர்ந்து உட்கார், நேருக்கு நேர் பேசு!

இளைஞனே, உன் சாமியைப் பற்றி ஒருவன் கேள்வி கேட்டதும் உனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறதா? அந்தக் கோபத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து உள்ளே பார். அது பக்தியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெரும்பாலும் அது பயத்திலிருந்து வருகிறது. பதில் தெரியாத பயம். கேட்டவன் வென்றுவிடுவானோ என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கக் கேட்க உன் நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிடுமோ என்ற பயம். ஒரு கேள்விக்கே விழுந்துவிடும் நம்பிக்கையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காலம் தள்ளப்போகிறாய்?

எழுந்து உட்கார். தன்னம்பிக்கை என்றால் நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் பேசுவது, மேடையில் கை நடுங்காமல் நிற்பது என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவை தொடக்கப் பாடங்கள். உயிருக்கு உயிராக நீ நம்பும் ஒன்றை நம்பாத ஒருவனின் கண்ணைப் பார்த்து, குரல் உயராமல், முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, சேர்ந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அன்றைக்குத்தான் உனக்கு உன்மேல் நம்பிக்கை உண்டு என்று அர்த்தம்.

பேசாத ஒரே விஷயம்

செங்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பிரானூர் பார்டரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் களைகட்டினால், பரோட்டாக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. ஒரே மேசையில் நான்கு பேர். ஒருவன் கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவன். ஒருவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் தவறவிடாதவன். ஒருவன் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன். நான்காமவன் கடவுளே இல்லை என்கிறவன். ஒரே சால்னா. சினிமாவைப் பேசுகிறார்கள், கிரிக்கெட்டைப் பேசுகிறார்கள், வேலை கிடைக்காத வேதனையைப் பேசுகிறார்கள், காதலைக்கூடப் பேசிவிடுகிறார்கள். மதம் என்று வந்தால் மட்டும் நான்கு பேரும் தட்டைப் பார்க்கிறார்கள்.

அன்று இரவே அந்த நான்கு பேரும் கைப்பேசியைத் திறக்கிறார்கள். ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு. அடுத்தவன் மதத்தைப் பற்றி அங்கே யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் கேட்காத கேள்விக்கு, பார்த்தே இராதவனிடமிருந்து பதில் வாங்குகிறாயே தம்பி, இது உனக்கு அவமானமாக இல்லையா?

"சாமி விஷயம் பேசாதே, சண்டை வரும்" என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் அக்கறை இருக்கிறது; பட்ட அனுபவமும் இருக்கிறது. 2018 செப்டம்பரில் விநாயகர் ஊர்வலத்தை ஒட்டி இதே செங்கோட்டையில் கல்வீச்சு நடந்தது. 144 தடை உத்தரவு போட வேண்டி வந்தது. அந்த நாளைப் பார்த்த தாய் தன் பிள்ளையிடம் வாயை மூடிக்கொள் என்றுதான் சொல்வாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைக் கேட்கிறேன்: எந்த ஊரிலாவது, வாரம் ஒருமுறை உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா? கல் எறிய முகம் தெரியாத எதிரி வேண்டும். பெயர் தெரிந்தவன், அவன் அம்மா வைக்கும் குழம்பின் ருசி தெரிந்தவன், அவன் எதற்காகத் தொழுகிறான் எதற்காக விரதம் இருக்கிறான் என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் மேல் எறியக் கை எழாது. வாயை மூடிக்கொண்டால் சண்டை தள்ளிப்போகும். மனம்விட்டுப் பேசினால்தான் சண்டைக்கு ஆள் கிடைக்காமல் போகும்.

கடயத்திலிருந்து ஒருவர் நடந்து காட்டினார்

உனக்கு வழிகாட்ட வெளிநாட்டு ஆள் தேவையில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் கடயம் இருக்கிறது. புதுச்சேரியை விட்டு 1918-இல் வெளியேறிய பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான அங்கேதான் வந்து தங்கினார். கையில் காசில்லை. எழுதியதை நூலாக அச்சேற்ற வழியில்லை. அந்த நிலையில் இருந்த மனிதனை 1920-இல் பொட்டல்புதூர் முஸ்லிம்கள் பேச அழைத்தார்கள்.

பொட்டல்புதூரை உனக்குத் தெரியும். முகைதீன் ஆண்டவர் பேரில் அமைந்த பள்ளிவாசல். கோயில் மண்டபம் போலக் கல்தூண்கள். இந்துக்களும் நேர்ச்சை கொண்டு வரும் இடம். அங்கே போய் பாரதி நின்றார். நபிகள் நாயகத்தின் வாழ்வையும் இஸ்லாத்தின் பெருமையையும் எடுத்துப் பேசினார். அல்லாவைப் பாடினார். காளியையும் கண்ணனையும் பாடிய அதே வாய். பராசக்தியைத் தாயென்று அழைத்த அந்த 37 வயது மனிதனின் பக்தி அன்றோடு தேய்ந்துபோனதா? இல்லை. பராசக்தியின் பிள்ளையாகவே பள்ளிவாசலுக்குப் போனார், பராசக்தியின் பிள்ளையாகவே திரும்பி வந்தார். தன் அம்மாவின் அன்பில் சந்தேகம் இல்லாத பிள்ளைதான் அடுத்த வீட்டு அம்மாவை வாய்நிறைய 'அம்மா' என்று கூப்பிடுவான்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாரதி 'ரயில்வே ஸ்தானம்' என்று ஒரு கதை எழுதினார். நடக்கும் இடம் நம் தென்காசி ரயில் நிலையம். மூன்று மனைவிகளைக் கட்டிக்கொண்டு திண்டாடும் ஒரு முஸ்லிம் இளைஞன் கதையில் வருகிறான். அந்த மூவரும் உடன்பிறந்த சகோதரிகள் என்று பாரதி எழுதிவிட்டார். கதையைப் படித்த ஒரு முஸ்லிம் நண்பர் வந்து, உடன்பிறந்த பெண்களை ஒருவன் ஒரே காலத்தில் மணப்பதை எங்கள் மார்க்கம் அனுமதிப்பதில்லை என்று எடுத்துச் சொன்னார்.

பாரதி என்ன செய்தார்? கதைதானே, கற்பனைதானே என்று சமாளித்தாரா? என் கதையில் குறை சொல்ல நீ யார் என்று சீறினாரா? இரண்டும் இல்லை. தனக்கு அது தெரியாது என்று ஒப்புக்கொண்டார். தவறாக எழுதிவிட்டதாகவும், அந்தப் பெண்கள் சகோதரிகள் அல்லர் என்று திருத்தி வாசிக்கும்படியும் எழுதிச் சேர்த்தார். அந்தத் திருத்தம் அச்சில் ஏறி, கதையோடு சேர்ந்து இன்றும் நிற்கிறது.

நாடறிந்த கவி. தமிழ் நடையையே புரட்டிப் போட்டவர். அடுத்தவர் மதத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று ஊரறியச் சொன்னார். சொன்னதால் ஒரு அங்குலமாவது குறைந்தாரா? அந்த நண்பரின் துணிச்சலையும் பார். இவ்வளவு பெரிய மனிதர் எழுதியிருக்கிறாரே என்று அவர் மனதுக்குள் புழுங்கவில்லை. வெளியே போய் ஆள் திரட்டவும் இல்லை. நேரே எழுதியவரிடம் வந்து பேசினார். கேட்டவரும் பெரியவர், சொன்னவரும் பெரியவர். நூறாண்டுக்கு முன்னால் இந்த மண்ணில் இரண்டு பேருக்கு இருந்த தைரியம் உனக்கு இருக்கிறதா?

இது இரவல் பழக்கம் இல்லை

மதத்தைப் பற்றி வாதிடுவது ஏதோ புதிய நாகரிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மணிமேகலைக் காப்பியத்தைத் திறந்து பார். புகாரில் இந்திர விழா அறிவிக்கும் முரசறைவோன், சமய வாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். பகைவரோடானாலும் சினமும் சச்சரவும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்று அதே மூச்சில் சொல்கிறான். வாதம் உண்டு, வன்மம் கூடாது. திருவிழா அறிவிப்பிலேயே இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன சமூகம் உன்னுடையது.

மணிமேகலை இளம்பெண். வஞ்சி மாநகரில் சைவம், வைணவம், வேதம், ஆசீவகம், நிகண்டம் முதல் கண்ணுக்குத் தெரிவதைத் தவிர வேறெதையும் ஏற்காத பூதவாதம் வரை, அந்தந்தச் சமயத்தவர் வாயாலேயே கேட்கிறாள். கேட்ட பிறகுதான் தன் பாதையைத் தேர்கிறாள். ஒன்று கவனி: அவள் ஆண் துறவி வேடத்தில் போய்த்தான் அதையெல்லாம் கேட்க முடிந்தது. தங்கச்சி, உனக்கு அந்த வேடம் தேவையில்லை. நீ நீயாகவே போய் உட்காரு. மத விஷயம் பேசும் இடத்தில் ஆண் குரல்களே நிறைந்து கிடக்கின்றன. விரதம் இருப்பதும், நேர்ச்சைக்குப் பொங்குவதும், நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும், பிள்ளைக்கு முதல் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் பெண்கள். வீட்டுக்குள் மதத்தைத் தாங்குகிறவள் நீ. மேசையில் உனக்கு இடமில்லை என்று எவன் சொல்வான்?

நம் மாவட்டத்துச் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவனே பெரியவன் என்கிறான், இன்னொருவன் திருமாலே பெரியவன் என்கிறான். வாதம் முற்றி அம்பாளிடம் போய் நிற்கிறார்கள். கோமதி அம்மன் 'வாயை மூடுங்கள்' என்று இருவரையும் விரட்டவில்லை. அவர்கள் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டு தவம் இருக்கிறாள் என்கிறது தலபுராணம். அதுதான் ஆடித்தபசு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடும் அந்தத் திருவிழாவின் வேரில் இருப்பது இரண்டு பேரின் மத வாதம்! கேள்வி கேட்டால் சாமி குத்தம் என்று இனி யாராவது மிரட்டினால், சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு வரச் சொல்.

'எல்லாம் ஒன்றுதான்' என்று ஓடாதே

பேச உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் சொல்வான்: "எல்லா மதமும் ஒன்றுதான் மாப்ளே, விடு." நல்ல மனதோடுதான் சொல்கிறான். இருந்தாலும் விடாதே. அது பேச்சை முடிக்கச் சொல்லும் சமாதானம்.

வேறுபாடு உண்மையானது. ஆண்டவரின் குமாரன் என்று கிறிஸ்தவ நண்பன் தொழும் இயேசுவை, ஈசா நபி என்று இறைத்தூதராக மதிக்கிறான் முஸ்லிம் நண்பன். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு அவர் தாயார் மர்யமின் பெயர். இவ்வளவு நெருக்கம் இருந்தும், இறைவனுக்கு மகன் உண்டு என்பதை ஒருவன் உயிராக நம்புகிறான், இன்னொருவன் உறுதியாக மறுக்கிறான். இந்து நண்பனுக்கு உருவம் வழிபாட்டின் வாசல். முஸ்லிம் நண்பனுக்கு உருவம் கூடாது. இந்து நண்பனுக்கு மறுபிறவி, மற்ற இருவருக்கும் தீர்ப்பு நாள். நான்காமவனுக்கு இந்த வாழ்க்கையோடு கணக்கு முடிந்தது. இதையெல்லாம் மழுப்பி ஒன்றாக்கினால் நான்கு பேரையும் ஏமாற்றுகிறாய். 'இந்த இடத்தில் நீ வேறு, நான் வேறு' என்று சொல்லிவிட்டு அதே மேசையில் தொடர்ந்து உட்கார்ந்திருக்க முதுகெலும்பு வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறாயா? பசியிலிருந்து தொடங்கு. ஐயப்ப பக்தனுக்கு 41 நாள் மண்டல விரதம். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள் தவக்காலம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு தொடங்குகிறது. முஸ்லிம்களுக்கு ரமலான் மாதம் முழுக்க, வைகறை முதல் சூரியன் மறையும் வரை ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சில ஆண்டுகளில் கொளுத்தும் வெயிலில் வந்து நிற்கும். இந்த மூன்று பேரும் உட்கார்ந்து, 'பத்தாவது நாள் உன் மனசு என்ன சொல்லும்? எதை விடுவது உனக்குக் கஷ்டம்? முடிந்த பிறகு நீ மாறினாயா, பழையபடி ஆகிவிட்டாயா?' என்று கேட்டுக்கொள்ளட்டும். நம்பாத நண்பன், 'சாமிக்குப் பயந்து நல்லவனாக இருப்பதும், யாருக்கும் பயப்படாமல் நல்லவனாக இருப்பதும் ஒன்றா?' என்று கேட்கட்டும். எந்தப் பேச்சாளரும் தராத பாடம் அந்த ஒரு மாலையில் கிடைக்கும்.

சுடும் கேள்வியையும் தொடு

இன்னொன்று இருக்கிறது. அதைத் தொடாமல் இந்தப் பகுதியில் மதம் பேசுவது கோழைத்தனம். 1981 பிப்ரவரி 19. நமக்குப் பக்கத்து ஊரான மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒரே நாளில் இஸ்லாத்தைத் தழுவின. நாடே திரும்பிப் பார்த்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பணமா, சதியா, ஆசை காட்டலா என்று ஆயிரம் விவாதம். அந்த மக்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் ஒன்று: சாதியின் பெயரால் தாங்கள் பட்ட அவமானம்.

நீ எந்த மதத்தவனானாலும் இந்த நிகழ்ச்சி உன்னை ஒரு கேள்வி கேட்கிறது. இந்துப் பிள்ளையே, உன் கோயில் தெருவில் எல்லோரும் தலைநிமிர்ந்து நடக்க நீ என்ன செய்தாய்? கிறிஸ்தவப் பிள்ளையே, தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுந்ததே, நீ என்ன சொன்னாய்? முஸ்லிம் பிள்ளையே, தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றவனுக்குச் சம்பந்தம் பேசும்போதும் அதே இடத்தைத் தருகிறாயா? நாத்திக நண்பனே, சாமியைத் துறந்தவர்கள் எத்தனை பேர் சாதியையும் சேர்த்துத் துறந்தார்கள்?

இந்தக் கேள்விகளை அடுத்தவன் மதத்தைக் குத்த எடுத்தால் அது ஆயுதம். அவரவர் மதத்தை அவரவர் குடைய எடுத்தால் அது தவம். உன் மதத்தின் குறையை நண்பன் சொல்லும் முன் நீயே சொல்லிப் பார். சொன்ன கணத்தில் உன் தோள் கனம் குறையும். மறைக்க எதுவும் இல்லாதவனை எவனாலும் மிரட்ட முடியாது.

செய்ய வேண்டியது

இன்றே தொடங்கு. கூட்டம் வேண்டாம், பேனர் வேண்டாம். குண்டாற்று அணைக்கட்டோ, வீட்டு மொட்டை மாடியோ, டீக்கடை பெஞ்சோ, மூன்று நான்கு பேர் போதும்.

முதலில் உன்னுடையதைப் படி. உன் வேதத்தைப் பத்துப் பக்கம்கூடப் புரட்டாமல் அதற்காக உயிரைக் கொடுப்பேன் என்று முழங்காதே. அதற்கு உன் உயிர் தேவையில்லை, உன் நேரம் தேவை.

அடுத்தவன் மதத்தைப் பற்றி அவனிடமே கேள். அவன் நம்புவதை அவன் வாயாலேயே கேட்டு, 'நீ சொல்வது இதுதானே?' என்று திருப்பிச் சொல். 'ஆமாம், இதுதான்' என்று அவன் தலையாட்டும் வரை மறுத்துப் பேச வாயைத் திறக்காதே.

உன் மதத்தின் நூலையும் அவன் மதத்தின் குண்டனையும் எடைபோடாதே. நூலுக்கு நூல், மனிதனுக்கு மனிதன். எல்லா ஊரிலும் எல்லா மதத்திலும் நல்லவனும் இருக்கிறான், பொல்லாதவனும் இருக்கிறான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல். 'கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்' என்பது தோற்றவன் பேச்சாகாது. அடுத்த சந்திப்புக்குக் கேட்டுவிட்டும் வா.

ஆள் பிடிக்க உட்காராதே. பிடித்துவிடுவார்களோ என்று பயந்தும் உட்காராதே. மனசாட்சிக்குச் சுதந்திரம் உண்டு என்று அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உனக்கும் சொல்கிறது, உன் எதிரே இருப்பவனுக்கும் சொல்கிறது. நம்பவும் சொல்லவும் அவனுக்கு உரிமை. ஏற்கவும் மறுக்கவும் உனக்கு உரிமை.

வாட்ஸ்அப்பில் அவன் மதத்தைப் பற்றி ஒன்று வந்தால், அனுப்பும் முன் அவனைக் கூப்பிடு. 'எலே, இப்படி ஒன்று வந்திருக்கு, இது நெசமா?' என்று கேள். ஒரு வதந்தி செத்துப்போக இந்த ஒரு வரி போதும்.

கோபம் வரும். நிச்சயம் வரும். வந்தால் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வா. திரும்பி வா, அதுதான் முக்கியம். முதல் சந்திப்பில் எவனும் வெல்வதில்லை. பத்தாவது சந்திப்புக்கும் வந்து உட்காருகிறவன்தான் வென்றவன்.

செங்கோட்டைக்காரனே, உன் ஊர் எல்லையில் நிற்கும் ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்து, அதன் பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த மண். கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறவு கொண்டு, இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவன் நீ. கார்த்திகையில் உன் ஊர் வழியே மலையேறும் சாமிமார்கள் எருமேலியில் பேட்டை துள்ளும்போது வாவர் பள்ளிவாசலையும் வலம் வருகிறார்கள். வேறுபட்டவனோடு வாழ்வது உன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பேசுவது மட்டும்தான் பாக்கி.

கூச்சலிடுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை அதிகமென்று நம்மை நம்பவைத்திருப்பது நம் மௌனம். நீ பேசத் தொடங்கு. உன்னைப் பார்த்து இன்னொருவன் தொடங்குவான். உன் நம்பிக்கை உண்மையென்றால் கேள்வியில் புடம்போட்டு ஒளிரும். அதில் பொய் கலந்திருந்தால் அந்தப் பொய் மட்டும் எரியட்டும், உனக்கு லாபம்தான். எப்படிப் பார்த்தாலும் நீ தோற்க வழியே இல்லை. பிறகு எதற்குப் பயம்? இந்த வாரமே உன் நண்பனைக் கூப்பிடு. எதிரே உட்கார வை. இத்தனை நாள் அவனிடம் கேட்கத் தயங்கிய அந்த முதல் கேள்வியைக் கேள். அவன் பதில் சொல்லி முடித்ததும், 'இப்போது நீ என்னைக் கேள்' என்று சொல்!